பீலித் தண்ணீரை அளந்தேன்

தண்ணீர் அளக்கும் தொழிலில் கை நனையும், வயிறு நிறையாது. பயிற்சிக்கென்று போய்ப் பயிற்சியோடு நின்றுபோன உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பதுளையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் ஓடைகளையும் ஊற்றுகளையும் அளக்கப் பழக்கினார்கள். ஆறு மாதம் பழகிப் பரீட்சையில் தேறினால் நிரந்தர வேலை என்றார்கள். நாங்கள் நாலு பேர். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து போனவன் நான் மட்டும்தான்.

மிதக்கும் கட்டை

ஹாலிஎல ஓடையில் கட்டையை மிதக்கவிட்டு, இரண்டு முளைகளுக்கு நடுவே அது போகும் நேரத்தைக் குறிப்பது முதல் பாடம். மற்ற மூவரும் கரையில் குடை பிடித்துக்கொண்டு எழுதினார்கள். நான் முழங்கால் தண்ணீரில் நின்று கட்டையை விட்டேன், நாள் முழுக்க.

எங்களைப் பழக்கிய யாழ்ப்பாணத்து ஓவர்சியர் கெட்டவர் இல்லை. என்னைக் கரையேறச் சொல்லவேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நானே கேட்டதற்கு, “தோட்டத்துப் பெடியனுக்குக் குளிர் பழக்கம்தானே” என்றார்.

பரீட்சை

பரீட்சைக்கு ஆளுக்கொரு ஊற்று. எனக்குக் கிடைத்தது, ஸ்பிரிங்வெளிப் பக்கம் நான் பிறந்த லயத்தின் பீலி. தகரக் குழலில் கொட்டும் ஊற்று நீரில் வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி என்று பார்க்கவேண்டும்.

தண்ணீர் கூடினால் எனக்கு மார்க்கும் கூடும் என்று நினைத்துக்கொண்டார்கள் லயத்துப் பெண்கள். குளிக்கிற பீலிக்குப் பிரியும் வாய்க்காலை மண் போட்டு அடைத்து, எல்லாத் தண்ணீரையும் இந்தப் பீலிக்கே திருப்பிவிட்டார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்த்ததை அப்படியே எழுதினேன். பக்கத்துக் காம்பரா மருதாயி அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “நல்லா கொட்டட்டும் தம்பி. ஒனக்கு வேல கெடைச்சா அதுவே எங்களுக்குப் போதும்.”

முதலாம் இடம்

நான்தான் முதலாவது. பிறகு பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டார்கள். அப்பா பிறந்ததும் இந்தத் தோட்டத்தில்தான். அதை எழுதிவைக்க அன்று யாருக்கும் அக்கறையில்லை. மற்ற மூவருக்கும் வேலை கிடைத்தது. ஓவர்சியர் என் தாள்களைத் திருப்பித் தந்தார். “அளந்ததெல்லாம் சரி தம்பி. ஆனா இந்த நாட்டு ஆள் எண்டதுக்கு ஒரு துண்டும் இல்லையே.”

மிச்சத் தண்ணீர்

என்னை வேண்டாமென்றவர்கள் என் கணக்கை வைத்துக்கொண்டார்கள். லயத்துப் பீலியில் தண்ணீர் மிச்சம் என்று அவர்கள் எழுதிவிட, தோட்டத்துத் துரை பாதியைக் குழாய் போட்டுத் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார்.

நான் மண்வெட்டியோடு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குத் திரும்பிய அன்று, பீலியில் நீண்ட வரிசை. என் கணக்கால்தான் இப்படியாயிற்று என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். யாராவது திட்டியிருக்கலாம். மருதாயி அக்கா தன் குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். “நீ மொதல்ல புடிச்சிட்டுப் போ தம்பி. வேலயும் இல்லாம வந்து நிக்கிற.”

ஆறு மாதப் பயிற்சியில் நான் ஒழுங்காகத் தேறியது, பேசவேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொள்வது என்ற ஒரே பாடத்தில்தான்.