நேப்பிள்ஸில் ராசம்மாள் தின்ற மீன்

கணவர் தேவநாதன் மாரடைப்பில் இறந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கடலூர்க் கடற்கரையோரக் குப்பத்தில் ராசம்மாள் வெளிநாடு போகிறாள் என்ற பேச்சு கிளம்பியதும் கொழுந்தன் பழனிவேல் வாசலில் வந்து நின்றான்.

"வருசம் திரும்பறதுக்குள்ள ஊர் சுத்தப் போறீங்களா அண்ணி? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரும் சொல்லட்டும். நான் திரும்பி வந்து கேட்டுக்கறேன்."

மகள் வெண்மதி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கடலுயிரியல் படித்தவள். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தனியாக வீட்டில் அழுதுகொண்டிருந்த அம்மாவை அவள்தான் அழைத்தாள். 2009 ஏப்ரலில், இருபது வருடம் தலையில் மீன்கூடை சுமந்த ராசம்மாள் விமானம் ஏறினாள்.

கணவர் போனபின் வெள்ளையாகவோ சாம்பலாகவோதான் உடுத்த வேண்டும் என்றிருந்தார்கள். நேப்பிள்ஸில் இறங்கிய மறுநாள் அவள் கிளிப்பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். அந்த ஊர்த் தெருக்களில் ஒரு வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்குக் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். மீன் கடைக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். ராசம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

கடையொன்றில் நெத்திலியை மாவில் புரட்டிப் பொரித்து, காகிதப் பொட்டலத்தில் கொடுத்தார்கள். பக்கத்துக் கடையில் பேய்க்கணவாயை, அதாவது ஆக்டோபஸை, வேகவைத்து எலுமிச்சை பிழிந்து வைத்திருந்தார்கள். குப்பத்தில் அதை யாரும் வாயில் வைப்பதில்லை, ஏற்றுமதிக் கம்பெனிக்குத்தான் போடுவார்கள். இவள் ஒரு தட்டு வாங்கி, கையாலேயே எடுத்துத் தின்றாள்; இன்னொரு தட்டும் கேட்டு வாங்கினாள். அடுத்து ஒரு முழு மீனையும் கையால் பிட்டாள்.

"அம்மா, முள்கரண்டில சாப்பிடும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். முள்ளு எங்க இருக்குன்னு வெரலுக்குத்தான் தெரியும்."

இரண்டாயிரத்து ஐந்நூறு வருடப் பழமையான ஊர் அது. மாதா கோயில் ஒன்றின் அடியில் படியிறங்கிப் போனால் ரோமானியர் காலத்துக் கடைத்தெரு அப்படியே இருந்தது. இருபுறமும் சின்னச் சின்ன அறைகள், ஒன்றில் ரொட்டி சுட்ட அடுப்பு. வெண்மதி விளக்கிக்கொண்டே போக, ராசம்மாள் ஓர் அறை வாசலில் நின்றுவிட்டாள்.

"இங்க ஒருத்தி மீன் வித்திருப்பா இல்ல?"

"இருக்கலாம்மா."

"புருசன் செத்தவளா இருந்தா, வெளிய வராதன்னு சொல்லியிருப்பாங்களா?"

"தெரியலம்மா."

"சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டா" என்று ராசம்மாள் அந்தக் கல்லைத் தட்டிக்கொடுத்தாள்.

பச்சைப் புடவையில், கையில் பேய்க்கணவாயோடு வாய்விட்டுச் சிரிக்கும் அவளை மகள் படம் எடுத்திருந்தாள். அவள் ஊர் திரும்பியதும் பழனிவேல் அதைப் பார்த்து முகம் கறுத்தான்.

"இத யாருக்கும் காட்டாதீங்க அண்ணி. மானம் போவுது."

மறுநாளே ராசம்மாள் மஞ்சக்குப்பம் ஸ்டூடியோவுக்குப் போனாள். படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுவந்து, மாலை போட்டிருந்த தேவநாதன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். ஆகஸ்டில் கணவரின் முதல் வருசத் தலைத்திதிக்கு வந்த சொந்தம் முழுதும் அதைப் பார்த்தது. பழனிவேல் சாப்பிடாமல் எழுந்து போனான். அவன் மனைவி ஞானாம்பாள் மட்டும் படத்தின் அருகே போய் உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, பேய்க்கணவாயா அது? அதப் போயா தின்ன?"

"எலுமிச்ச பிழிஞ்சி" என்றாள் ராசம்மாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "ரெண்டு தட்டு."