பன்னிரண்டு தறிக்காரரின் மகள்

தொட்டபல்லாபூரில் ஒற்றை ஆளாக நின்று பன்னிரண்டு விசைத்தறி போட்டவர் ஹொன்னப்பா. படிப்பு இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் தறியில் நீளவாட்டில் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தால் பத்தடிக்கு அப்பாலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். அப்படிக் கண்ணுள்ளவன் அந்தத் தெருவில் வேறு எவன்?

மகள் சுமங்களா ஒன்பதாம் வகுப்பு. கணக்கை எழுதச் சொன்னால் நூற்றுக்கு நூறு. வகுப்பில் வாயால் கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்பாள். டீச்சர் சொல்லி, பெங்களூரில் காது டாக்டரிடம் காட்டினார்கள். சத்தமே இல்லாத அறையில் வைத்துச் சோதித்து, காதில் பழுதில்லை என்று சீட்டுக் கொடுத்தார்கள்.

"பாம்புக் காதாம்! அப்புறம் என்னடி, திமிரா?"

"கேக்குதுப்பா. எல்லாச் சத்தமும் ஒண்ணா வந்து விழுது."

"மத்த பிள்ளைங்களுக்கு விழாதது மகாராணிக்கு மட்டும் விழுதோ!"

மறுநாளே பள்ளியில் பெயரை வெட்டிக்கொண்டு வந்து, நாடாவுக்குள் போகும் நூல்கட்டையான தார் சுற்ற உட்காரவைத்தார். தறிக்கூடத்தில் அவள் படுசுட்டி. அந்த இரைச்சலில் யாரும் காதை நம்புவதில்லை. முகத்துக்கு நேரே நின்று உதட்டைப் பார்ப்பார்கள். "எம்பொண்ணு கெட்டிக்காரிடீ, பள்ளிக்கூடந்தான் சரியில்ல" என்று மனைவி புட்டம்மாவிடம் பெருமையடித்தார்.

மூன்றாம் மாதம் ஒருநாள் மின்சாரம் போய்க் கூடம் அமைதியானது. முதுகைக் காட்டியபடியே கேட்டார்:

"சிவப்பு எத்தனை தார் இருக்கு, சுமங்களா?"

"பதினேழுப்பா."

மின்சாரம் வந்தது. தறிகள் ஓடின. திரும்பாமலே, "பச்சை?" என்று கத்தினார். கோடியில் நின்ற கூலியாள் பசவண்ணிக்குக்கூடக் கேட்டுவிட்டது. பக்கத்திலிருந்த மகள் நிமிரவில்லை. திரும்பி முகம் பார்த்துக் கேட்டார். "இருபத்திரண்டு" என்றாள். மறுபடி முதுகைக் காட்டிக் கேட்டார். பதிலில்லை. நான்கு தடவை அப்படிச் செய்துபார்த்தார். சத்தமே இல்லாத அறையில் கொடுத்த அந்தச் சீட்டு நினைவுக்கு வந்தது.

அன்றே பள்ளிக்கு ஓடினார். டீச்சர் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"முன்னால உக்காரவச்சு, முகத்தப் பாத்துச் சொல்லிக்கொடுக்கணும், ஹொன்னப்பா. வகுப்புல எழுபது பேரு இருக்காங்க, பக்கத்துலயே பஸ் ஸ்டாண்டு. நானும் மாத்தலாகிப் போறேன்."

தலைமையாசிரியர் பெங்களூர்ச் சீட்டைப் படித்தார். "காது நல்லாருக்குன்னுதானே போட்டிருக்கு? நடுவருஷத்துல என்னன்னு சொல்லிச் சேர்க்க?"

"தப்பு என்னோடது, சார்." யாரிடமும் பணியாத மனிதர் அன்று கைகூப்பினார். சீட்டுதான் கைக்குத் திரும்பி வந்தது.

வீட்டில் மகளுக்கு எதிரே உட்கார்ந்து, "அடுத்த வருஷம்..." என்று தொடங்கினார். முடிக்கும் முன்பே உதட்டில் படித்துவிட்டாள்.

"விடுங்கப்பா. அங்க போனாலும் எனக்கு இரைச்சல்தான் கேக்கும்."

அவள் அழவில்லை. எழுந்துபோய்த் தாரை எடுத்தாள்.