பாலத்தில் தங்கிய சேவல்

என் தங்கையை எல்லாரும் சில்வண்டு என்றுதான் கூப்பிடுவோம். வாய் ஓயாது. பத்தொன்பது வயது. செல்போன் கடையில் திரைக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். மின்சாரம், காவல், சம்பளம், கடைத்தெரு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றபோது அந்த வேலையும் போயிற்று. அடுத்த வருடம் அவள் போய்வந்த பயணத்தை எழுதுகிறேன். அவள் சொன்னதில் கொஞ்சம் கழித்துவிட்டு, கூட வந்தவரிடமும் கேட்டுச் சரிபார்த்தது.

எங்களுடையது நாலு மாடிக் கட்டிடம், முப்பத்தொரு பேர். ஆளில்லாத முட்டைப் பண்ணையிலிருந்து பிடித்துவந்த பதினாலு கோழிகள் மொட்டைமாடியில் இருந்தன. அந்த முட்டைதான் பிள்ளைகளின் உடம்பில் தெம்பாக நின்றது. ஆனால் கோழிக்கு வயதாகிவிட்டால் முட்டை நின்றுவிடும். அதற்குள் குஞ்சு வேண்டும். ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்ததும் பத்து முட்டை வைத்தோம். இருபத்தொரு நாள், அதற்கு மேலும் ஒரு வாரம், மாடிப்படியில் செருப்புச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று கட்டளை. கடைசியில் குஞ்சு வரவில்லை, நாற்றம்தான் வந்தது.

தண்ணீர் எடுக்க வந்த சலவைக்கார அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "எல்லாம் சரி, சேவல் எங்க?"

கட்டிடத்தில் அறிவாளிகளுக்குக் குறைவில்லை. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கணக்கு டீச்சர், தையற்காரன் நான். ஒருத்தர் மண்டையிலும் உதிக்கவில்லை. பண்ணைக்காரன் முட்டைக்கென்று வளர்த்ததால் பதினாலும் பெட்டைகள்.

ஆற்றுக்கு அப்பால், நாலு நாள் நடையில் ஒரு பழத்தோட்டத்தில் சேவல் இருப்பதாகக் கேள்வி. எனக்குக் காலில் கட்டு. தங்கை கிளம்பிவிட்டாள். மாற்றாகக் கொடுக்க நான் தைத்த மூன்று சட்டைகள், சேவலுக்கு ஒரு துணிப்பை, அதில் காற்றுக்கு எட்டுத் துளை.

"எட்டாம் நாள் வந்துடணும்" என்றேன்.

"ஏழாம் நாளே வந்தா திட்டுவியாண்ணா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

போகும்போது பாலத்தைத் தவிர்த்து ஆற்றில் இறங்கியே கடந்துவிட்டாள். பாலத்தில் ஏழெட்டுப் பேர் பீப்பாய்களை உருட்டிவைத்து, வருகிறவர்களிடம் இருப்பதையெல்லாம் பறித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டக்காரர் இரண்டு சட்டைக்குச் சேவலைக் கொடுத்தார். திரும்பும்போது ஆற்றில் வெள்ளம். வேறு வழியில்லை. உச்சிவெயிலில் காவல் ஆள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து நடந்தாள். பாலத்தின் நட்டநடுவில் சேவல் கூவிற்று.

அங்கே தலைவர் ஒரு பழைய லாரி ஓட்டுநர். "பையில என்ன?"

"சட்டை, அண்ணே."

மறுபடியும் கூவிற்று.

"உங்க ஊர்ல சட்டை கூவுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் கத்தியை எடுத்துவந்தான். அப்போதுதான் தங்கை பீப்பாய்க்குப் பின்னால் ஆறு கோழிகள் கிளறிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க கோழி குஞ்சு பொரிச்சுதா?"

பக்கத்தில் நின்ற லாரிக்காரர் மனைவிதான் பதில் சொன்னாள். "ரெண்டு தடவ முட்டை வெச்சோம். ரெண்டும் கூமுட்டை. இவரு கோழியப் புடிச்சுத் திட்டிக்கிட்டிருந்தாரு."

"திட்டுனா பொரிக்குமா அக்கா? சேவல் வேணும். இதை வெட்டுனா ஒரு வேளைச் சாப்பாடு. மூணு நாள் உங்க கோழிங்களோட விட்டா குஞ்சு வரும், அதுல ஒரு சேவல் வளந்தா வருஷம் பூரா குஞ்சு."

"அப்போ சேவலையே வெச்சுக்கறோம். நீ கிளம்பு" என்றார் லாரிக்காரர்.

"சேவல் இல்லாம நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். பேசிக்கிட்டே இருப்பேன்."

சொன்னபடியே பேசினாள். சாயங்காலம் வரை பேசினாள். லாரிக்காரர் மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்: "குஞ்சு பொரிக்கிற வரைக்கும் இவளும் சேவலும் இங்கயே இருக்கட்டும். பொரிச்சா ரெண்டும் போகலாம். பொரிக்கலைன்னா சேவல் அடுப்புக்கு."

சேவலுக்கு மூன்று நாள், அடைக்கு இருபத்தொரு நாள். நான் எட்டாம் நாளிலிருந்து ஜன்னலை விட்டு நகரவில்லை. இருபதாம் நாள் வங்கி மேலாளர் என் தோளில் கைவைத்தார். அந்தக் கையை எடுக்கச் சொன்னேன்.

பாலத்தில் பன்னிரண்டு முட்டையில் ஏழு பொரித்தன. முதல் குஞ்சு ஓட்டை உடைத்தபோது கத்தியோடு வந்தவன் ஆனந்தத்தில் கத்தி, லாரிக்காரர் மனைவியிடம் திட்டு வாங்கினானாம்.

முப்பத்திரண்டாம் நாள் பகலில் தெருமுனையில் சேவல் கூவிற்று. கட்டுப் பிரித்த காலோடு நாலு மாடியும் இறங்கினேன். தங்கை கறுத்து இளைத்திருந்தாள். சேவல் கொழுத்திருந்தது. வழியில் யாரும் பறிக்காமலிருக்க லாரிக்காரரே பையைச் சுமந்து வந்திருந்தார்.

"உங்க தங்கச்சிய வெச்சுக்கிட்டு எப்படிங்க சமாளிக்கறீங்க?" என்றார் என்னிடம். "ரெண்டு நாளா எனக்குக் காது கேக்கல."

மறுபடி ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்ததும் எங்கள் மாடியில் பதினொரு முட்டை வைத்தோம். இருபத்தொன்றாம் நாள் காலை முதல் ஓட்டில் விரிசல் விழுந்தது. முப்பத்தொரு பேரும் மூச்சைப் பிடித்து நின்றோம். தங்கை குப்புறப் படுத்து, முட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "வெளிய வா, எல்லாரும் நம்ம ஆளுங்கதான்" என்றாள்.

மத்தியானத்துக்குள் எட்டு. இரண்டு முறை எண்ணினேன்.