டிபன் டப்பாவில் கொண்டுபோன மருந்து

கீழ்பென்னாத்தூர் ரோட்டில் ஒரு தையல் கம்பெனியில் நானும் அண்ணியும் வேலை பார்த்தோம். அண்ணி என்றால் என் அண்ணன் சம்சாரம். தைத்து முடித்த சட்டையில் எண்ணெய்க் கறை இருந்தால், துப்பாக்கி மாதிரி ஒன்றை அழுத்தி அதன்மேல் மருந்து அடிப்பது அவள் வேலை. கறையும் போய்விடும், ஈரமும் நிற்காது. அடுத்த மேஜையில் நான் செக்கிங்.

சேர்ந்த அன்றே பட்டன் வைக்கிற அக்கா சொன்னாள்: "மூக்குக்கு லீவு குடுத்துட்டு வந்து ஒக்காருடி." ஒரே வாரத்தில் மூக்கு தானாகவே லீவு எடுத்துக்கொண்டது. ஃபேனையும் போட மாட்டோம். சூப்பர்வைசர் சொல்லி இல்லை, நாங்களாகவேதான். பஞ்சு பறந்து வெள்ளைச் சட்டையில் ஒட்டினால் மறுபடி அண்ணிக்குத்தானே வேலை!

முதலில் அவளுக்குத் தலை சுற்றியது. அப்புறம் மூச்சு. குழாயிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் குடத்தை இரண்டு தரம் இறக்கி வைத்துவிட்டு நிற்பாள்.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா நல்ல மாதிரி. "என்ன மருந்தும்மா அடிக்கிறீங்க? பேர் தெரிஞ்சா நல்லது. கேட்டுட்டு வாங்க" என்றார்.

மருந்து வெள்ளைக் கேனில் வரும், மேலே ஒன்றும் ஒட்டியிருக்காது. ஸ்டோர்காரரைக் கேட்டேன். "பேர் சொல்லிக் கூப்ட்டா திரும்பிப் பாக்கப் போவுதா?" என்று சிரித்தார். பாவம், அவருக்கும் தெரியாது.

பாட்டிலில் எடுத்துப் போகலாமென்றால் கேட்டில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். அதனால் வேஸ்ட் துணி ஒன்றை மருந்தில் நனைத்து, டிபன் டப்பாவில் அமுக்கி மூடினேன். பர்மிஷன் போட்டுக் கிளம்பினோம். அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அண்ணியை நாலு இடத்தில் உட்காரவைத்து, மெதுவாக நடத்திக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா டப்பாவைத் திறந்தார். துணியைத் தொட்டார், முகர்ந்தார்.

"சாம்பார் வாசனைதான்மா வருது."

துணி மொறமொறவென்று காய்ந்திருந்தது. அடித்த மருந்து கண்ணெதிரே காற்றோடு போவதைத் தினமும் பார்க்கிறவள் நான். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? அண்ணி என்னைத் திட்டவில்லை. "இவ்ளோ தூரம் நடந்ததுக்கு அந்த சாம்பாரையாச்சும் மிச்சம் வச்சிருக்கக் கூடாதா?" என்றாள். சிரித்ததும் இருமல் பிடித்துக்கொண்டது.

டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, "மொதல்ல அந்த வேலைய விட்டு மாறுங்க" என்று சொல்லி, அதையும் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் சீட்டைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"சரி, மாத்திடலாம். அங்க யாரு, நீ ஒக்கார்றியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி, "அவள ஏன் சார் இழுக்கறீங்க?" என்று தன் ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் முந்திக்கொள்ளாவிட்டால் நான் என்ன சொல்லியிருப்பேனோ, இன்றுவரை எனக்கே தெரியாது. சார் அடுத்த லைனுக்குப் போய்விட்டார். நான் ஒரு சட்டையை எடுத்து விரித்து, காலர் தையலைப் பார்க்க ஆரம்பித்தேன்.