துருவன் இல்லாத வானம்

மெல்பர்னில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது. துணி காயப்போடக்கூடத் திசை தெரியாதவனாக என்னை ஆக்கிய ஊர் இது. இரவு வானத்திலும் பிடிமானம் இல்லை. தென்காசியில் வடக்கே கையை நீட்டினால் ஒரு முஷ்டி உயரத்தில், தென்னை ஓலைகளுக்கிடையே துருவ நட்சத்திரம் நிற்கும். நிற்கும் என்பதே மரியாதைக்குச் சொல்வது. பூமியின் அச்சை வடக்கே நீட்டினால் அதன் நேரே அது இருக்கிறது. நாம் சுழலும்போது மற்றவை நகர, அது மட்டும் நகராததுபோல் தெரிகிறது. நிலைத்திருப்பது அதன் குணமல்ல, இடம் வாய்த்த விதம். வருவாய்த் துறையில் இருந்தவனுக்கு இப்படி நிலைத்தவர்கள் பலரைத் தெரியும்.

ஓய்வுக்குப் பின் என்னையும் மனைவி கோமதியையும் இங்கே வரவழைத்த மகள் மீனா, இந்த ஊர்க்காரன் டேனியலைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். ஆட்சேபிக்கச் சட்டத்தில் வழியுண்டா என்று தேடினேன். தகப்பனுக்குப் பிடிக்கவில்லை என்பது காரணமாக எங்கும் இல்லை. கல்யாணத்துக்கு வருவேன், வாழ்த்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

தாலி கட்டி முடிந்து அந்தி மங்கியதும் ஐயர் மணமக்களை மண்டப வாசலுக்கு அழைத்துவந்து வடக்கே கைகாட்டினார். "துருவனைப் பாருங்கோ." அங்கே பெட்ரோல் பங்கின் விளக்கு எரிந்தது.

குற்றாலத்தில் என் கல்யாணத்தன்று ஆனிச் சாரல். ஐயர் காட்டிய இடத்தில் மேகம்தான். தெரியவில்லையே என்றேன். "மேகத்துக்குப் பொறத்தால அங்கனதான் இருக்கு மாப்ளே, சும்மா கும்பிடும்" என்றார் மாமனார். கும்பிட்டேன். உண்மையில் அங்கேதான் இருந்தது. இங்கே அந்தச் சமாதானமும் கிடையாது.

"சாமி, இந்த நாட்டு வானத்துல அது கிடையாது" என்றேன்.

கோமதி முழங்கையால் இடித்தாள். "என்ன பேசுதிய? தாலி ஏறியாச்சு. இனி அது எங்க இருந்தா உங்களுக்கென்ன?"

மீனாவின் முகம் இறுகியது. "அப்ப எங்கப்பா இருக்கு?"

"இங்கன." காலடித் தரையைக் காட்டினேன். "பூமிக்கு அந்தப் பக்கம்."

டேனியலுக்குத் தமிழ் தெரியாது. பெரியவர்கள் கீழே கைகாட்டினால் காலில் விழவேண்டும் என்று மட்டும் கோமதி பழக்கிவைத்திருந்தாள். நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டான். ஐயர் அட்சதைத் தட்டை நீட்டினார். கூட்டம் காத்திருந்தது. மீனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலில் விழுந்தவனை வாழ்த்தாமல் விடும் நடைமுறை எங்கள் ஊரில் இல்லை. இடது கையால் வாழ்த்தும் நடைமுறையும் இல்லைதான். ஆனாலும் இடது கைதான் அட்சதையை அள்ளி அவன் முதுகில் போட்டது. வலது கை அப்போதும் தரையைக் காட்டிக்கொண்டிருந்தது, ஊர் இருக்கும் பக்கமாக.