அட்டையில் எழுதிய நாலு மொழி

போன வாரம் பள்ளிக்கூடத்துக்காக நீங்கள் ரெண்டு பேரும் ஒரு அட்டை செய்தீர்கள். நம் வீட்டில் யார் யாருக்கு என்ன மொழி தெரியும் என்று எழுத வேண்டும். அப்பாவுக்கு நேரே தமிழ், உருது, தெலுங்கு, இந்தி என்று எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் ஒட்டியிருந்தீர்கள். அந்த நாலையும் வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு காரியம் உங்களுக்குத் தெரியாது. வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆம்பூரில் நான் வேலை செய்த டேனரிக்கு, அதுதான் தோல் பதனிடும் கம்பெனிக்கு, வடக்கேயிருந்து ஒரு ஆள் வந்தான். என் வயதுதான் இருக்கும். தோல் ஊறும் பெரிய டிரம்மிலிருந்து ஈரத்தோலை வாரி வெளியே போடும் வேலை. அவன் பேசும் இந்தி எங்கள் தெரு உருது மாதிரி இருக்காது. டீ குடிக்கும்போது எல்லோருக்கும் அதுதான் விளையாட்டு.

"இவன் பேசறது இந்தியே இல்லப்பா. எங்க வூட்டு ஆடு இதவிட நல்லா பேசும்" என்பார் உருது பேசும் மேஸ்திரி.

"இன்னாடா, ரயில்ல ஓசில வந்தவனுக்கு ஸ்டிராங் டீ கேக்குதா?" என்பான் எங்கள் பக்கத்து ஆள் ஒருத்தன்.

அவன் சிரிப்பான். நாங்கள் இன்னும் ஜாஸ்தியாகப் பேசுவோம். அவனுக்குத்தான் தமிழ் தெரியாதே என்று, அவன் பெண்டாட்டியைப் பற்றிக்கூட அவன் முகத்துக்கு நேராகப் பேசினோம். நானும் பேசினேன். அவன் என்னை மட்டும் "பையா" என்று கூப்பிடுவான். இந்தியில் அண்ணன் என்று அர்த்தம்.

எட்டு மாதத்தில் அவன் கை கெட்டுப்போனது. டிரம்மில் ஊற்றும் மருந்து பட்டுப்பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டான். கேட்டாலும் கையுறை கிடைக்காது. எங்கள் தோலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சோதனை பார்க்க அனுப்பும் ஆடிட் ஆட்கள் வருகிற நாளில்தான் ஸ்டோரிலிருந்து கையுறை மூட்டை வெளியே வரும். காலையில் கொடுப்பார்கள், சாயங்காலம் வாங்கிக்கொள்வார்கள். வாங்கிக் கட்டி வைப்பது என் பொறுப்பு.

ஆடிட்டுக்கு வருகிறவர்கள் தொழிலாளியைத் தனி ரூமில் உட்கார வைத்துக் கேட்பார்கள். மேஸ்திரி, மேனேஜர் யாரும் கூட இருக்கக்கூடாது. அந்த முறை வந்தவர் சென்னைக்காரர், இந்தி தெரியாது. நானும் தொழிலாளிதானே என்று, அவன் பேசுவதைத் தமிழில் சொல்ல என்னை உள்ளே அனுப்பினார்கள். போவதற்கு முன்னால் மேனேஜர் என் தோளில் கை வைத்தார்.

"ஆர்டர் போச்சுன்னா எல்லாரும் வீட்ல உக்காரணும். பாத்துப் பேசு."

அவன் புதுக் கையுறையோடு வந்து உட்கார்ந்தான். சார் கேட்டார், நான் இந்தியில் கேட்டேன். அவன் கையுறையைக் கழற்றி ரெண்டு கையையும் மேஜை மேல் வைத்தான். இது இன்றைக்குக் காலையில் கொடுத்தது, சாயங்காலம் பிடுங்கிக்கொள்வார்கள், ஒரு ஜோடி எனக்கே கொடுத்துவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றான்.

"தினமும் கையுறை குடுக்கறாங்களாம் சார். கை முன்னாடியே ஊர்ல வயல் வேலைல இப்பிடி ஆயிடுச்சாம்" என்றேன் நான்.

சார் எழுத ஆரம்பித்தார். அவன் என்னையே பார்த்தான். பிறகு சாரைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"சார். இல்ல சார். அண்ணா பொய் சொல்றாரு. டெய்லி இல்ல. இன்னிக்கி மட்டும்."

தமிழ். எங்கள் டீக்கடைத் தமிழ். எட்டு மாதமாக நாங்கள் பேசியதெல்லாம் அவனுக்குப் புரிந்திருக்கிறது என்று அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. சார் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சிரித்தேன்.

"பசங்க விளையாட்டுக்குக் கத்துக் குடுத்தது சார். இன்னா பேசறோம்னே தெரியாம பேசுவான். நேத்து வாட்ச்மேனையும் இப்பிடித்தான் பொய் சொல்றாருன்னான்."

சாரும் சிரித்துவிட்டார். "நல்லா கத்துக் குடுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவன் கையுறையை ஒவ்வொரு விரலாக மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்தான். சொல்வதற்கு இன்னும் சொற்களைத் தேடியிருப்பான் என்று நினைக்கிறேன். கிடைக்கவில்லை.

சாயங்காலம் கையுறை வாங்க மூட்டையோடு நின்றேன். அவன் கழற்றியபோது கட்டை விரலில் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்பக்கத்தை வெளியே திருப்பித் துடைத்து, மடித்து என் கையில் கொடுத்தான்.

"ஈரமா இருக்கு அண்ணா. காய வச்சிக் கட்டு" என்றான்.

மறுநாள் அவனை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ரூமில் அவன் தமிழில் பேசியதை மேனேஜரிடம் சொன்னதும் நான்தான். அவர் கேட்கக்கூட இல்லை, நானே போய்ச் சொன்னேன். டீக்கு உட்கார்ந்தபோது மேஸ்திரி, "அந்த ஆடு எங்கப்பா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் இடத்துக்கு அதே ஊர்ப்பக்கத்திலிருந்து இன்னொருத்தன் வந்தான். அவன் கையும் வெடித்தது. அடுத்த ஆடிட்டுக்கும் என்னைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். போனேன். அந்த முறை, புது ஆளுக்குத் தமிழ் புரியுமா என்று முன்னாடியே பேச்சுக் கொடுத்துப் பார்த்துக்கொண்டேன்.