நிற்காத மெர்ல்

"என் வண்டி நிக்கணும்னா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, பெட்ரோல் தீரணும். இல்லேன்னா நான் தீரணும்."

மெர்ல் ஹாஸ்கெட் இதை அறிவித்தது ஓஹாயோவில், தன் வீட்டுச் சமையலறையில். மேசை முழுக்க மலைப்பாதை வரைபடம். அது சுருண்டுவிடாமல் மூலைக்கு மூலை பீன்ஸ் டப்பா. செப்டம்பர் பிறந்துவிட்டால் அந்த மேசையில் சாப்பாடு கிடையாது. அவர் மனைவி வாண்டா தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்.

டயர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் மெர்ல். அக்டோபர்தோறும், உதிரும் முன் சிவந்து மஞ்சளாகும் இலைகளைப் பார்க்க வாண்டாவை ப்ளூ ரிட்ஜ் மலைக்குக் கூட்டிப்போவார். கூட்டிப்போவது உண்மை, பார்ப்பதில்தான் சிக்கல். வான்கோழிக் கறி வைத்த ரொட்டியை ஓடும் காரிலேயே தின்றாக வேண்டும். காலையில் காப்பி அரைக் கோப்பை. இன்னொரு வாய் கேட்டால், "எதுக்கு, வழியில கக்கூஸ் தேடவா?" என்பார். மலை ஏறியதும் ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டி, "நல்ல வேகத்துல போயிட்டிருக்கோம்!" என்பார். அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் தெரியும் நிறைவை, மலையே தீப்பிடித்தாற்போல் சிவந்தாலும் கொடுக்க முடியாது.

இலைமேல் அவருக்கு அக்கறை இல்லையென்று யாரும் பழி சொல்ல முடியாது. மலைமேல் பெட்ரோல் பங்க் நடத்தும் டீனாவுக்கு வாராவாரம் போன் போடுவார்.

"இலையெல்லாம் எங்க வந்திருக்கு, டீனா?"

"மரத்துலதான் இருக்கு, மெர்ல்."

"ஏய், நல்லாச் சிவந்துடுச்சான்னு கேக்கறேன்."

"சிவந்தா என்ன, பச்சையா இருந்தா என்ன? நீ என்ன பாக்கவா போற?"

போன வருடம் வாண்டா ஓடும் காரிலிருந்து எடுத்த படங்களை சர்ச் கூடத்தில் திரை கட்டிக் காட்டினார். சிவப்பாக ஒரு தீற்று, மஞ்சளாக ஒரு தீற்று, நடுவே மெர்லின் காது. எல்லோரும் மரியாதையாகக் கைதட்டினார்கள். பாதிரியாரின் மனைவி மட்டும் கவலையோடு கேட்டார்: "ஐயோ, அப்புறம் தீய அணைச்சிட்டாங்களா?"

இந்த வருடம் வாண்டா, சர்ச்சிலிருந்து இலை பார்க்கப் போகும் பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

மெர்ல் பதறினார். "அந்த பஸ்ஸா? அது ஒவ்வொரு திருப்பத்துலயும் நிக்குமே!"

"அதுக்குத்தாம்பா போறேன்."

"இத்தன வருஷமா உன்ன வேற எவனாவது மலைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கானா?"

"நீயும்தான் கூட்டிட்டுப் போகல. மலையத் தாண்டித்தான் போயிருக்க."

பிறகு உடன்படிக்கை ஏற்பட்டது: பஸ் கிளம்புவதற்கு முந்தின வாரம் வாண்டா மெர்லோடு ஒரு தடவை வர வேண்டும். பிடிக்கவில்லையென்றால் இனி ஆயுசுக்கும் பஸ்தான். மெர்ல் வரைபடத்தில் காட்சிமுனைகளையெல்லாம் வட்டமிட்டார். "இங்கெல்லாம் மெதுவாப் போறோம்" என்றார். நாடுகள் எல்லையை விட்டுக்கொடுத்ததுகூட இவ்வளவு கம்பீரமாக நடந்திருக்காது.

சொன்ன சொல் தவறவில்லை, மெதுவாகத்தான் போனார். முதல் காட்சிமுனையில் கார் ஊர்ந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அழுத்திப் பிடித்தார்கள். வாண்டா கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் பள்ளத்தாக்கு பாறைக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டாவதிலும் அதே கதை.

"இருந்தாலும் நல்ல வேகத்துல..." என்று ஆரம்பித்த மெர்ல் பக்கத்தில் திரும்பினார்.

வாண்டா லென்ஸுக்கு மூடி போட்டார். கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மெர்ல் அந்தப் பையை ஒருமுறை பார்த்தார்.

அடுத்த திருப்பத்தில் கார் சாலையை விட்டு விலகி, சரளைக்கல் நறநறக்க ஊர்ந்து, நின்றது. எதிரே மலைச்சரிவு முழுக்க மேப்பிள் சிவந்து கிடந்தது.

வாண்டா கண் விழித்தார். "என்னாச்சு? பெட்ரோல் தீந்துடுச்சா?"

முள் முக்கால் டேங்கைக் காட்டிக்கொண்டிருந்தது. மெர்ல் எஞ்சினை அணைத்தார். சாவியை உருவி வாண்டாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.